அப்ரூவல் செட்டிங்ஸ்: ஒரு லாரி ஆபீஸின் பதினான்கு மாத அனுபவம்

எங்கள் ஆபீஸ் தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. சொந்த டிரெய்லர் 22. அது போக, வாடகைக்கு எடுத்து ஓட்டும் வெளிவண்டிகள் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து. துறைமுகத்திலிருந்து கன்டெய்னரை எடுத்து மாதவரம், மணலி பக்கத்துக் கிடங்குகளுக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் கம்பெனிகளுக்கும் கொண்டுபோவது, காலி கன்டெய்னரைத் திரும்ப யார்டில் விடுவது, இதுதான் தொழில். நான் இங்கே 19 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன்.

நாங்கள் வாங்கிய நிர்வாக மென்பொருளில் ஒரே ஒரு பகுதியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எந்தச் செலவை யார் பதிய வேண்டும், யார் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், சொன்ன பிறகு பணம் எப்போது வெளியே போகலாம் என்று நாமே அமைத்துக்கொள்ளும் இடம் அது. மெனுவில் 'அப்ரூவல் செட்டிங்ஸ்' என்று ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கும். விற்க வந்தவர் டெமோவில் அதை மூன்று நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டார். அதை எங்கள் ஆபீசுக்குப் பொருந்தும்படி செய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது. மென்பொருளின் பெயரை எழுதவில்லை. வாங்குவதற்கு முன் வேறு இரண்டு கம்பெனிகளின் டெமோவும் பார்த்தேன். இந்தப் பகுதி மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. நீங்கள் எதை வாங்கினாலும் நான் பட்ட பாடு உங்களுக்கு உதவும்.

முதலில், இது எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். முன்பு இருந்த மென்பொருளிலும் அப்ரூவல் என்று ஒன்று இருந்தது. பேமென்ட் பதிந்தால் முதலாளி லாகினில் ஒரு டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளி பாதி நாள் துறைமுகத்தில் இருப்பார், மீதி நாள் வண்டி பின்னால் அலைவார். "நீயே போட்டுடும்மா" என்று பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு வருடம் இருந்தது. பேமென்ட் பதிவதும் நான், அவர் பெயரில் நுழைந்து டிக் அடிப்பதும் நான். அவரைப் போனில் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பியதில்லை. ஆனால் கேட்டேன் என்பதற்கு எங்கேயும் சாட்சி கிடையாது.

ஒரு முறை ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த பையன் ஒரு பேமென்ட்டைக் காட்டி, "சார் சாயங்காலம் நாலு மணிக்கு அப்ரூவ் பண்ணியிருக்காரே, அன்னைக்கு அவர் கும்பகோணத்துல கல்யாணத்துல இருந்ததா சொன்னாரே" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அன்று மாலை ஆடிட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "பணம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு, அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா நாளைக்கு ஒரு பிரச்னை வந்தா, அவர் பேர்ல நீங்க டிக் அடிச்சதா மட்டும்தான் நிக்கும். உங்களுக்குப் பாதுகாப்பே இல்லையேம்மா" என்றார். அதுவரை அப்ரூவல் என்றால் முதலாளி பணத்துக்கான பூட்டு என்றுதான் நினைத்திருந்தேன். கணக்குப் பார்க்கிறவளுக்கும் அதுதான் காவல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அன்றே அந்தச் சீட்டைக் கிழித்தேன். மறுநாள் முதலாளியிடம், புது மென்பொருள் வாங்கினால் இந்த விஷயத்தில்தான் முதலில் கேள்வி கேட்பேன் என்று சொன்னேன். அவரும் மறுக்கவில்லை.

அதனால் இப்போது இருக்கும் மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது, பதிந்தவர் தன் பதிவுக்குத் தானே ஒப்புதல் கொடுக்க முடியாது என்கிற செட்டிங். வாங்கும்போது இது அணைக்கப்பட்டுத்தான் வருகிறது, நாம்தான் தேடி ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்த பிறகும் ஓர் ஓட்டை இருக்கிறது. அட்மின் உரிமை உள்ளவருக்கு மட்டும் இந்தத் தடை பொருந்தாது. எங்கள் ஆபீசில் அட்மின் நான்தான். ஆகவே அட்மினுக்குத் தனி லாகின் உண்டாக்கி, அதில் பேமென்ட் பதியும் உரிமையே இல்லாமல் செய்து, என் தினசரி வேலைக்கு வேறொரு லாகின் வைத்துக்கொண்டேன். ஒரு லைசன்ஸ் காசு கூடுதல். முதலாளி கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் சரி என்றார். ஒப்புதல் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் போனுக்கு ஓடிபி போகிறது. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் இனி பயனில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

அடுத்தது தொகை வரம்பு. எவ்வளவு ரூபாய் வரை யார், அதற்கு மேல் யார் என்று பிரிப்பது. இதில் முதல் வாரம் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு விஷயத்தில் அடிபட்டவள் என்பதால் பயத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று படி வைத்துவிட்டேன்: சூப்பர்வைசர், நான், முதலாளி. டீசல், பேட்டா, பஞ்சர், எல்லாம் மூன்று படி ஏறித்தான் போகும்.

நான்காம் நாள் இரவு பதினொன்றரைக்கு மாதவரம் 200 அடி சாலையில் எங்கள் வண்டிக்கு டயர் வெடித்தது. பின்னால் நாற்பதடி கன்டெய்னர், உள்ளே சரக்கு. டிரைவர் டயர்க்காரரைப் பிடித்து வேலையை முடித்துவிட்டார். 1,800 ரூபாய். சூப்பர்வைசர் பதிந்து அனுப்பிவிட்டார். நான் தூங்கிவிட்டேன், முதலாளியும் தூங்கிவிட்டார். டயர்க்காரர் காசு வாங்காமல் நகரமாட்டேன் என்று வண்டிக்கு முன்னால் நின்றிருக்கிறார். டிரைவர் இரவு ஒன்றேகாலுக்கு எனக்குப் போன் செய்தார். "அக்கா, அந்தாளு வண்டி முன்னாடி நிக்கிறாரு. என் கையில இருந்த அறுநூறு ரூபாயைக் குடுத்துட்டேன். மீதிக்கு என்ன பண்ணட்டும்?" அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கம்பெனி வேலைக்காகத் தன் கைக்காசைப் போட்ட மனிதரை நான் நடுரோட்டில் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வரம்புகளை மாற்றினேன். 5,000 வரை யார்டு சூப்பர்வைசரே முடிவு செய்யலாம், மறுநாள் நான் பார்ப்பேன். 5,000-க்கு மேல் 50,000 வரை நான். அதற்கு மேல் முதலாளி. வண்டி ரோட்டில் நிற்கும்போது வரும் செலவுக்கு 'பிரேக்டவுன்' என்று தனி வகையே உண்டாக்கி, அதற்கு இரவு 9 மணி முதல் காலை 6 வரை சூப்பர்வைசருக்கு 10,000 வரை அதிகாரம் கொடுத்தேன். நேரத்தை வைத்து விதி போட முடிகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டெமோவில் யாரும் சொல்லவில்லை. இரவில் வண்டி ஓட்டும் தொழில் எதுவானாலும் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இதில் சூப்பர்வைசர் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசிமேட்டுக்காரர், முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். மூன்று படி வைத்த வாரத்தில் என் மேசைக்கு வந்து, "இன்னாம்மா, இத்தினி வருசத்துல நான் குடுத்த கணக்குல ஒரு ரூபா தப்பியிருக்கா? இப்ப பஞ்சருக்கும் நான் கேட்டுத்தான் குடுக்கணுமா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகச் சொன்னார். அவர் கேட்டது நியாயம். வரம்பு வைக்கும்போது நாம் பணத்தைப் பற்றி மட்டும் முடிவு செய்வதில்லை. யாரை எவ்வளவு நம்புகிறோம் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்கிறோம். 5,000 வரை அவர் பெயரைப் போட்ட அன்று, திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். அப்புறம்தான் அவர் அந்த ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டார்.

சரி, வரம்பு வைத்துவிட்டால் போதுமா? போதாது. இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. ஒரே வண்டிக்கு, ஒரே நாளில், 4,900 டீசல், அப்புறம் மறுபடி 4,700 டீசல் என்று பதிந்தால் இரண்டும் தனித்தனியாக 5,000-க்குள் போய்விடும். இரண்டும் உண்மையான டீசலாகவே இருக்கலாம், எங்களிடம் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நாள் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கிற விதி இந்த மென்பொருளில் இல்லை. காலையில் வண்டி வாரியாக ஓர் அறிக்கை எடுத்து நானே கூட்டிப் பார்க்கிறேன்.

இன்னொன்று ஜிஎஸ்டி. கேபின் டிங்கரிங் வேலைக்கு ஒரு பில் வந்தது. வேலைக்கூலி 42,500. அதன் மேல் 18 சதவீதம் 7,650 சேர்த்தால் 50,150. முதலாளியிடம் போக வேண்டிய பில், என்னோடு நின்றுவிட்டது. ஏன் என்று தோண்டினால், மென்பொருள் வரிக்கு முந்தைய தொகையை வைத்து வரம்பைப் பார்க்கிறது. மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. நம் கையிலிருந்து வெளியே போகும் பணம் 50,150தானே? வரம்பும் அதை வைத்துத்தானே இருக்க வேண்டும்? எதை வாங்கினாலும் ஒரு மாதிரி பில்லை வரியோடு போட்டு இதைச் சோதித்துவிடுங்கள். நான் இப்போதைக்குப் பில்களுக்கான வரம்பை மட்டும் 42,000 என்று இறக்கி வைத்திருக்கிறேன். 18 சதவீதம் சேர்த்தால் 49,560 வரும், சரியாக இருக்கிறது.

ரொக்கம் கொடுப்பதில் எங்கள் தொழிலுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. வருமான வரியில், ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் வாடகைக்கு மட்டும் அந்த வரம்பு 35,000. வெளிவண்டிக்காரர்கள் அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்பதுதான் வழக்கம். டிரைவர் கையில் காசு இருந்தால்தான் வண்டி கிளம்பும் என்பார்கள். இந்த இடத்தில் மென்பொருள் நன்றாக உதவியது. 'ரொக்கம்' மற்றும் 'வெளிவண்டி' என்று இரண்டு நிபந்தனையையும் சேர்த்து விதி போட்டேன். 35,000-ஐத் தாண்டினால் ஒப்புதலுக்கே போகாது, பதியும்போதே தடுத்துவிடும். மற்ற எல்லா ரொக்கத்துக்கும் 10,000-ல் தடை. எச்சரிக்கை மட்டும் காட்டுவது, முழுதாகத் தடுப்பது என்று இரண்டு விதம் இருக்கிறது. நான் தடுப்பதையே தேர்ந்தெடுத்தேன். எச்சரிக்கையை எல்லோரும் பழக்கத்தில் ஓகே அடித்துக் கடந்துவிடுவார்கள். இங்கேயும் வவுச்சர் வவுச்சராகத்தான் பார்க்கிறது, ஒரே ஆளுக்கு இரண்டு வவுச்சர் போட்டால் பிடிக்காது. சட்டம் அன்றைய மொத்தத்தைத்தான் பார்க்கும். அதனால் வெளிவண்டி ரொக்க வவுச்சர் எல்லாம், தொகை எவ்வளவானாலும், என் பார்வைக்கு வரும்படி வைத்திருக்கிறேன்.

கார்த்திகை மாதம் முதலாளி மாலை போட்டு சபரிமலைக்குப் போவார். ஐந்து நாள். பம்பை தாண்டிவிட்டால் போனில் பிடிப்பது கஷ்டம். முன்பெல்லாம் அந்த ஐந்து நாளும் 'சாமி வந்ததும் பார்க்கலாம்' என்று பில்கள் குவியும், இல்லையென்றால் அந்தச் சீட்டுப் பாஸ்வேர்டு. இப்போது பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாருக்கு, எவ்வளவு தொகை வரை என்று முதலாளியே தன் போனில் போட்டுவிட்டுக் கிளம்பினார். தன் மகனுக்கு 2 லட்சம் வரை கொடுத்தார். மகன் ஒப்புதல் கொடுத்த ஒவ்வொன்றிலும் 'இவருக்காக இவர்' என்று இரண்டு பெயரும் பதிவாகின்றன. திரும்பி வந்த அன்று நள்ளிரவோடு அதிகாரம் தானாகவே முதலாளியிடம் திரும்பிவிட்டது. யாரும் ஞாபகம் வைத்து மாற்ற வேண்டியதில்லை. அடுத்த வருட ஆடிட்டில் அந்தப் பையன் இதைப் பார்த்தபோது, "இப்படி இருந்தா எங்களுக்குக் கேள்வியே இல்லை மேடம்" என்றான். எனக்கு அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது.

ஆனால் ஒருவர் ஐந்து நாள் போவதற்கு இவ்வளவு அழகாக வழி செய்த அதே மென்பொருள், ஒருவர் ஒரேயடியாக வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. எங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர் ஜனவரியில் வேலையை விட்டார். அவர் லாகினை மூடினேன். ஒப்புதல் வரிசையில் அவர் பெயருக்குப் பதில் புதியவர் பெயரைப் போட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். புதிதாக வரும் பில்களுக்குத்தான் அந்த மாற்றம் பொருந்துமாம். அதற்கு முன்பே அவர் பெயரில் காத்திருந்த 14 பில்கள் அப்படியே நின்றுவிட்டன. மூடிய லாகின் என்பதால் அவை யார் திரையிலும் தெரியாது, நினைவூட்டலும் போகாது. காத்திருக்கும் பில்கள் எத்தனை என்று முதல் பக்கத்தில் வரும் எண்ணிக்கையிலும் அவை இல்லை.

மார்ச் மூன்றாம் வாரத்தில் மூலக்கடை பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர் நேரில் வந்தார். நான்கு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. "அம்மா, ரெண்டு மாசம் ஆகுது. பசங்களுக்குக் கூலி குடுக்கணும்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் காசு கேட்டு ஆபீஸ் படி ஏறியதே இல்லை. தேடியபோதுதான் அந்த 14-ம் கிடைத்தன. சிறு தொழில் என்று அரசின் 'உத்யம்' தளத்தில் பதிவு செய்தவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டியதை மார்ச் 31-க்குள் கொடுக்காவிட்டால் அந்த வருடச் செலவில் கழிக்க முடியாது, கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்கலாம். நாங்கள் மார்ச் 29-ஆம் தேதி எல்லாருக்கும் அனுப்பி முடித்தோம். வரிக்கணக்கில் தப்பித்தோம். அந்த மனிதர் இரண்டு மாதம் கூலிக்கு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஆகையால் இதைக் கொட்டை எழுத்தில் சொல்கிறேன். ஒருவர் லாகினை மூடுவதற்கு முன்னால் அவர் பெயரில் காத்திருப்பதையெல்லாம் வேறொருவருக்கு மாற்றுங்கள். எங்கள் மென்பொருளில் அதற்கு 'மொத்தமாக மாற்று' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. லாகின் திறந்திருக்கும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். மூடிவிட்டால் மறுபடி திறந்து, மாற்றி, மூட வேண்டும். 'இவர் பெயரில் 14 காத்திருக்கின்றன' என்று மூடும்போதே ஒரு வரி காட்டியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. சப்போர்ட்டில் இதை எழுதிக் கொடுத்தேன். நல்ல யோசனை என்று பதில் வந்தது. இன்னும் செய்யவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஒப்புதல் கிடைத்த பிறகு பதிவைத் திருத்தினால் என்ன ஆகும்? எங்களுடையதில், வாங்கி வந்த நிலையில், ஒன்றும் ஆகாது. பச்சை நிற 'அப்ரூவ்டு' அப்படியே இருக்கும், உள்ளே தொகை மட்டும் மாறியிருக்கும். பில் பதியும் பெண் 81,000 ரூபாய் டயர் பில்லை 18,000 என்று இடம் மாற்றிப் பதிந்துவிட்டாள். அது என் வரம்பு, நானும் சரியாகப் பார்க்காமல் சரி சொல்லிவிட்டேன். பிறகு அவளே தவறைக் கவனித்து, நல்ல எண்ணத்தில் 81,000 என்று திருத்திவிட்டாள். முதலாளியிடம் போகவே இல்லை. வங்கியில் பணம் அனுப்பும்போது தொகையைப் பார்த்து நான் நிறுத்தினேன். உண்மையான பில், உண்மையான தொகை. ஆனால் கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் கையில் இது கிடைத்தால்? 1,000 ரூபாய்க்கு ஒப்புதல் வாங்கி 1 லட்சமாகத் திருத்தலாமே! செட்டிங்கில் மூன்றாவது பக்கத்தின் கடைசியில் 'திருத்தினால் மீண்டும் ஒப்புதல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டுவிட்டேன். இப்படிப்பட்ட ஒன்றை அணைத்து வைத்து விற்பது தவறு. இதற்கு நான் மார்க்கே போடமாட்டேன்.

அதே பக்கத்தில் இன்னொரு கட்டமும் உண்டு, சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றினால் ஒப்புதல் வேண்டும் என்று. 'எங்கள் வங்கி மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று பொய் ஈமெயில் அனுப்பி ஏமாற்றுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதையும் ஆன் செய்துவிடுங்கள். மாற்றச் சொல்லி வந்தால், ஈமெயிலில் இருக்கும் எண்ணுக்கு இல்லாமல், நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்ட பிறகே நான் பதிகிறேன்.

பொருள் வாங்கும் ஆர்டர்களுக்கு மட்டும் முதலாளி, மகன் இருவரில் யாராவது ஒருவர் சரி சொன்னால் போதும் என்று வைத்திருந்தோம். மதியம் அப்பா வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பேட்டரி ஆர்டரை, மெயின்டனன்ஸ் பையன் மாலையில் மறுபடி அனுப்ப, மகன் சரி என்று அழுத்திவிட்டார். மகனுக்கு அப்பா மறுத்தது தெரியாது. பழைய மறுப்பைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே போய் 'ஹிஸ்டரி'யைத் தொட வேண்டும், போனில் யார் அதையெல்லாம் தொடுவார்கள்? வீட்டில் அன்று இரவு பேச்சு கொஞ்சம் சூடாகிவிட்டதாம். இப்போது மறுத்தால் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மறுபடி அனுப்பினால் மறுத்தவரிடமே போகும்படியும் மாற்றியாகிவிட்டது.

போன் ஆப் நன்றாகவே இருக்கிறது. பில் படம், வண்டி எண், டிரிப் விவரம் எல்லாம் ஒரே திரையில் வருகின்றன. அறிவிப்பிலிருந்தே, பில்லைத் திறக்காமல், சரி சொல்லிவிட முடிகிறது. அது வசதி என்று விற்கிறார்கள். நான் அதை அணைத்துவிட்டேன். பார்க்காமல் சரி சொல்வதற்குப் பெயர் அப்ரூவலா? தமிழில் குறிப்பு எழுதலாம். 'இன்னர் டியூப் போயிடுச்சு, பட்டி போட்டது' என்று சூப்பர்வைசர் அண்ணன் தமிழில் எழுதும் குறிப்பு, ஆங்கிலத்தில் யாரோ எழுதும் நான்கு வரியைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆனால் பிடிஎஃப் எடுத்தால் அந்தத் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. எக்செல்லில் சரியாக வருகிறது. சென்னையில் விற்கிற மென்பொருளில் தமிழ் எழுத்து அச்சில் வராதது எனக்கு ஒவ்வொரு மாதமும் வருத்தம்தான்.

மிக்ஜாம் புயலை வடசென்னைக்காரர்கள் மறக்க முடியாது. 2023 டிசம்பரில் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது, கரண்ட் இல்லை, டவர் இல்லை. எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் வேறு தண்ணீரோடு கலந்து வீடுகளுக்குள் போனது. எங்கள் வண்டிகள் ஆங்காங்கே நின்றன, டிரைவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அப்போது பழைய மென்பொருள் என்பதால் எப்படியும் எல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான் நடந்தது. புதிதாக வாங்கும்போது நான் கேட்ட இரண்டாவது கேள்வி இதுதான்: நெட் இல்லாவிட்டால் என்ன செய்வது? இதில் 'பின்னேற்பு' மாதிரி ஒன்று இருக்கிறது. செலவை முதலில் செய்துவிட்டு, காரணத்தோடு பின்தேதியில் பதிந்தால், அது தனி நிறத்தில் முதலாளிக்கு நேராகப் போகும். கடந்த மழைக்காலத்தில் இரண்டு நாள் பயன்படுத்தினோம், நன்றாக வேலை செய்தது. நோட்டுப் புத்தகத்தையும் நான் எடுத்துப் போடவில்லை. அது மேசை இழுப்பறையில் பேனாவோடு இருக்கிறது.

யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்கிற பதிவு முழுமையாக இருக்கிறது. அழிக்க முடியாது, அணைக்கவும் முடியாது. நாங்கள் பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் இப்படி ஒரு பதிவு இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் இதைத் தனியாகப் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் செட்டிங்கையே யார் மாற்றினார்கள் என்பதும் அதே பதிவில் வருவது எனக்குப் பிடித்தது. வரம்பை 50,000-லிருந்து 5 லட்சமாக்கி, வேலை முடிந்ததும் பழையபடி மாற்றி வைத்தாலும் தெரிந்துவிடும். கணக்குப் புத்தகங்களை 8 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதால், சந்தா கட்டாமல் விட்டால் இந்தப் பதிவு என்ன ஆகும் என்று கேட்டேன். 90 நாளில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மாதக் கடைசியில் எக்செல் எடுத்து ஆபீசில் ஒன்று, ஆடிட்டரிடம் ஒன்று என்று வைக்கிறேன்.

சப்போர்ட்டில் பேசுகிறவர்கள் பொறுமையானவர்கள், தமிழிலேயே பேசலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் எடுக்கமாட்டார்கள். எங்களுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒன்றுதான், துறைமுகம் மூடுவதில்லை.

அடுத்த மாதம் சந்தா முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். ஜிஎஸ்டியோடு சேர்த்து வரம்பு பார்ப்பது, லாகினை மூடும்போது எச்சரிப்பது, பிடிஎஃப்பில் தமிழ், இந்த மூன்றையும் எழுதி, எப்போது செய்வார்கள் என்று தேதி கேட்டிருக்கிறேன். அந்தப் புதுப்பிப்பு பில் பிரேக்டவுன் கணக்கு இல்லை, 42,000-க்கு மேல்தான். அதனால் அதுவும் முதலாளியின் ஒப்புதலுக்குத்தான் போகும். பதிந்து அனுப்பிவிட்டேன், இன்று காலை ஏரிக்கரையில் மாட்டியிருந்த வண்டியைக் கிளப்பிவிட்டு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.